சர்வரைத் தாக்கும் ஐபிகள் மேல் புகார்: அலைந்து தெரிந்துகொண்டவை

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் சில அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கான சர்வரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த சின்ன மெஷின், ஒற்றை கோர். தை, மாசியில் சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கும்போது அது கொஞ்சம் திணறினாலும் எடைமேடையில் லாரி நிற்கும், ஆலைக்காரர் உடனே போன் போடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) மேல் அடி விழ ஆரம்பித்தது. லாகின் முயற்சிகளைப் பதிந்துவைக்கும் ஆத் லாக்கைத் திறந்தால் ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், உபுண்டு என்று பெயர் பெயராக முயற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. நானே உள்ளே போகப் பார்த்தால் பாதி நேரம் இணைப்பு அறுந்துவிடுகிறது, ஏனென்றால் லாகின் முடியாத இணைப்புகள் பத்தைத் தாண்டினால் எஸ்எஸ்ஹெச் புதிதாக வருகிறவர்களைக் கண்டபடி தள்ளிவிட ஆரம்பிக்கும், மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் என்கிற அமைப்பின் இயல்பு அது.

உள்ளே யாரும் வரவில்லை. பாஸ்வேர்டு லாகினே கிடையாது, கீ (ரகசியக் கோப்பு) மட்டும்தான். திரும்பத் திரும்பத் தோற்கும் ஐபியை (இணைய முகவரி எண்ணை) தடுத்துவைக்கும் ஃபெயில்2பேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் இயல்பான கணக்கு பத்து நிமிடத்துக்குள் ஐந்து தோல்வி, பத்து நிமிடத் தடை. இப்போது தாக்குகிறவர்கள் ஒரு ஐபியிலிருந்து மணிக்கு இரண்டு மூன்று முயற்சிதான் செய்கிறார்கள், அப்புறம் அடுத்த ஐபி. அதனால் கவனிக்கும் நேரத்தை ஒரு நாளாகவும் தடையை ஒரு வாரமாகவும் நீட்டினேன். அந்த வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது.

புகார் கொடுக்கலாம் என்று இறங்கிய பிறகுதான் அலைச்சல். தடுத்தாயிற்றே, அப்புறம் எதற்குப் புகார் என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான். நான் என் சர்வரில் தடுப்பது வயலுக்கு வயல் மடையை அடைக்கிற மாதிரி, தலைப்பில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும். அதே ஐபி பக்கத்து ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் மெஷினையும் தட்டும், அங்கே பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் நேரில் போன கதை. ஊர் பெயர், அலுவலகம் பெயர் வேண்டாம். லாக்கை அச்செடுத்து, கோப்பில் போட்டு, காலையிலேயே பஸ் ஏறிப் போனேன். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு பணம் போச்சு?” பணம் போகவில்லை என்றேன். “அப்ப என்ன கம்ப்ளெய்ண்ட்டு? உள்ளயே வரலங்கிறீங்க, அப்புறம் எப்படிக் குற்றம்?” தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1930-க்குப் போன் பண்ணச் சொல்லி அனுப்பிவிட்டார். 1930 பண மோசடிக்கான உதவி எண். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால் உடனே அழைக்க வேண்டியது, நம் விஷயத்துக்குப் பொருந்தாது. இன்னும் எனக்கு அந்த எரிச்சல் போகவில்லை.

அப்படி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் இதை நினைவில் வையுங்கள்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது 43, 66 பிரிவுகளில் வருகிறது. நுழைய முயற்சி செய்வதே தண்டனைக்குரியது என்று 84சி பிரிவு சொல்கிறது. இந்தச் சட்டத்தின் குற்றங்களை விசாரிக்க இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும் என்பது 78-ஆம் பிரிவு. ஆகவே முன் மேஜையில் வாதாடி நேரத்தைக் கழிக்காமல் இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், மனுவை எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன், குறிப்பு எண் வந்தது, அது சிக்கலில்லாமல் முடிந்தது. 1800-11-4949 அவர்களுடைய கட்டணமில்லா எண். 2022 ஏப்ரல் 28-இல் அவர்கள் போட்ட உத்தரவை நிறுவனம் நடத்துகிறவர்கள் ஒருமுறையாவது படித்துவிட வேண்டும்: குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உபுண்டு தானாக வைத்திருப்பது சில வாரங்கள்தான், வாரம் ஒரு கோப்பாகச் சுழற்றி நாலு வாரம் கடந்ததை அழித்துவிடும். புகாருக்குப் பதில் வருவதற்குள் ஆதாரம் போய்விடும் என்பதால் முதல் வேலையாக லாக்கை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

சரி, உண்மையில் பலன் தரும் வழி ஐபிக்குச் சொந்தக்காரரின் அப்யூஸ் (முறைகேட்டுப் புகார்) முகவரிக்கு எழுதுவதுதான். ஐபி யாருடையது என்று காட்டும் ஹூஈஸ் தேடலில் போட்டால் முகவரி வரும். அந்த விவரம் இருப்பது ஐபி பதிவகங்களில்: ஆசியப் பக்கம் ஏப்நிக், ஐரோப்பாவுக்கு ரைப், வட அமெரிக்காவுக்கு ஆரின், தென் அமெரிக்காவுக்கு லாக்நிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிநிக், இந்தியாவுக்குள் ஐபி பிரித்துக் கொடுப்பது ஐஆர்ஐஎன்என். இந்தப் பதிவகங்களுக்கே புகார் எழுதி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் எண்களைப் பிரித்துக் கொடுப்பதோடு சரி, தாக்குதலை நிறுத்துவது அவர்கள் வேலை இல்லை. ஏப்நிக் ஹூஈஸில் ஐஆர்டி என்று ஒரு பகுதி வரும், அதில் அப்யூஸ்-மெயில்பாக்ஸ் என்று இருக்கிற முகவரியை எடுங்கள். பெரிய ஐபி தொகுப்பின் முகவரியும் அதற்குள் சின்னத் தொகுப்பை வாடகைக்கு எடுத்தவரின் முகவரியும் வேறு வேறாக இருந்தால் இரண்டு பேருக்கும் அனுப்புங்கள்.

நாடு எது என்று காட்டும் வரைபடங்களை நம்பாதீர்கள். ஆலையில் எல்லோரும் “சீனாக்காரன் அடிக்கிறான்” என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் கணிசமானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் மெஷின்கள், மீதி யாரோ ஒரு வீட்டு ரவுட்டர், கடை சிசிடிவி பெட்டி. 2016-இல் மிராய் என்கிற தீநிரல் செய்ததும் இதைத்தான்: தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் படையாக்கியது. அதாவது நம்மைத் தாக்கும் ஐபியின் சொந்தக்காரரும் பெரும்பாலும் ஏமாந்தவர்தான், அவருக்கே விஷயம் தெரியாது. கோபத்தில் திட்டி எழுதாதீர்கள்.

நான் அனுப்பிய முதல் சில புகார்களுக்கு வந்த பதில்களைச் சொன்னால் உங்களுக்கு நேரம் மிச்சமாகும். ஒரு ஹோஸ்டிங் நிறுவனம், மின்னஞ்சலைப் பார்ப்பதில்லை, இணையப் படிவத்தில் போடுங்கள் என்று தானியங்கிப் பதில் அனுப்பியது. படிவத்தில் ஒரு தடவைக்கு ஒரு ஐபிதான், ஒவ்வொரு தடவையும் படத்தில் சைக்கிள் எது, சிக்னல் எது என்று கட்டம் கட்டமாகத் தொட வேண்டும். இன்னொன்றில் பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்தது. இன்னொரு இடத்தில் மின்னஞ்சலோடு வரும் இணைப்புக் கோப்பைத் திறக்க மாட்டோம், லாக்கை எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள் என்றார்கள். அது நியாயம்தான். மோசமானது ஒரு மறுவிற்பனையாளர் செய்தது: என் புகாரை என் பெயர், என் சர்வர் ஐபி எல்லாவற்றோடும் அப்படியே தாக்கின வாடிக்கையாளருக்கே அனுப்பிவிட்டார். அன்றிரவு அடி இரண்டு மடங்கானது. அதிலிருந்து சொந்தப் பெயர் இல்லாத தனி முகவரியிலிருந்துதான் அனுப்புகிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். உங்கள் சர்வர் ஐபியை மட்டும் மறைக்க முடியாது, அது இல்லாமல் எதிர்ப்பக்கம் எதையும் தேட முடியாது.

உருப்படியாக வேலை நடந்தது நம் பக்கத்து ஐபி ஒன்றில். நிஜ எண் வேண்டாம், எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கிய தொகுப்பிலிருந்து 203.0.113.45 என்று வைத்துக்கொள்வோம். ஹூஈஸில் பார்த்தால் டெல்டாவிலேயே கேபிள் வழியாக பிராட்பேண்ட் கொடுக்கும் ஒரு நிறுவனம். மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. பதிவில் இருந்த தொலைபேசி எண்ணை எடுத்தவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாயிற்றாம். எங்கள் தெரு கேபிள் அண்ணனிடம் கேட்டு, அவர் இன்னொருவரிடம் கேட்டு, ஒருவழியாக அவர்கள் நெட்வொர்க் அறையில் இருக்கும் ஒரு பையனின் எண் கிடைத்தது. இரவில்தான் எடுத்தான். அவன் கேட்டதைக் கேட்டவுடன் வேலை தெரிந்தவன் என்று புரிந்துவிட்டது.

“சார், நீங்க அனுப்புன டைம் நம்ம டைமா, யுடிசியா?”

“நம்ம டைம்தான் தம்பி.”

“போர்ட் நம்பர் இருக்கா? உங்க போர்ட் இல்ல, அங்கேர்ந்து வந்த போர்ட். ஒரு ஐபிக்குப் பின்னாடி நெறைய கஸ்டமர் இருக்காங்க சார், போர்ட்டும் டைமும் இல்லன்னா யாருன்னு பிரிக்கவே முடியாது.”

என் லாக்கில் வரி இப்படி இருந்தது: 22 02:14:07, இன்வேலிட் யூசர் அட்மின் ஃப்ரம் 203.0.113.45 போர்ட் 51422. அந்த 51422-தான் அவன் கேட்டது, தாக்கும் பக்கத்து இணைப்பின் வாசல் எண். நிறையப் பேர் புகார் எழுதும்போது அழகுக்காக அதை வெட்டிவிட்டு ஐபியை மட்டும் அட்டவணை போட்டு அனுப்புகிறார்கள். பழைய வகை ஐபியான ஐபிவி4 எண்கள் தீர்ந்துபோனதால் சின்ன நிறுவனங்களும் மொபைல் நிறுவனங்களும் ஒரே வெளி ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, யார் எந்தப் போர்ட்டில் போனார் என்பது அந்த நேரத்துப் பதிவில்தான் இருக்கும். இன்னொன்று, பழைய வடிவ லாக்கில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. நமக்கு 22-ஆம் தேதி அதிகாலை 02:14 என்றால் உலகப் பொது நேரமான யுடிசியில் 21-ஆம் தேதி 20:44. வெளிநாட்டுக்காரர் நம் வரியை அப்படியே எடுத்துக்கொண்டால் தப்பான நாளில் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று புகாரை மூடிவிடுவார். ஆண்டோடு, பிளஸ் 05:30 என்று எழுதுங்கள், அல்லது மாற்றி யுடிசி என்றே போடுங்கள். சர்வர் கடிகாரம் என்டிபியில் (இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தத் தம்பி மறுநாள் மதியம் கூப்பிட்டான். ஒரு கல்யாண மண்டபத்தின் கேமரா டிவிஆர். அதற்கு மட்டும் வெளியிலிருந்து பார்க்க வசதியாக போர்ட் திறந்துவிட்டிருக்கிறார்கள், பாஸ்வேர்டு பெட்டியில் வந்ததுதான். மண்டபத்துக்காரருக்குப் போன் பண்ணி, அந்தப் போர்ட்டை மூடி, டிவிஆரைப் புதிதாக அமைக்கச் சொல்லியிருக்கிறான். அன்று சாயங்காலத்திலிருந்து அந்த ஐபியிலிருந்து ஒரு வரி கூட வரவில்லை. லாக்கை ஓடவிட்டு அந்த எண்ணைத் தேடித் தேடிப் பார்த்தேன், அவ்வளவு நிம்மதி.

அவன் சொன்னதை வைத்தே மற்றப் புகார்களையும் திருத்தி எழுதினேன். தலைப்பிலேயே ஐபியும் தாக்குதல் வகையும், முதல் வரியில் இரண்டு பக்க ஐபி, போர்ட், யுடிசி நேரம், அதன் கீழே ஐந்தாறு லாக் வரிகள், அவ்வளவுதான், ஒரு ஐபிக்கு ஒரு மின்னஞ்சல். பதில் வரும் விகிதம் கண்ணுக்குத் தெரிந்து மாறியது. ஐரோப்பாவில் ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் அன்றைக்கே மெஷினை நிறுத்திவிட்டதாக எழுதியது.

கூடவே தாக்கும் ஐபிகளைப் பட்டியலிடும் பொதுத் தளமான அப்யூஸ்ஐபிடிபியிலும் பதிவு செய்கிறேன், ஃபெயில்2பேனிலேயே அதற்கான இணைப்பு இருக்கிறது, எஸ்எஸ்ஹெச்சுக்கு 22, பாஸ்வேர்டு முயற்சிக்கு 18 என்று வகை எண் கொடுத்தால் போதும். அங்கே குறிப்புப் பகுதி எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதால் உங்கள் சர்வர் பெயர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சிஸ், ஷோடன், ஷேடோசர்வர் போன்றவை கணக்கெடுப்புக்காக இணையம் முழுவதையும் தட்டிப் பார்ப்பவை, அவற்றைத் தாக்குதல் என்று புகார் செய்து யாருக்கும் பயனில்லை. யுடிபி வெள்ளத்தில் (கைகுலுக்கல் இல்லாமலே குவியும் தரவு) வரும் ஐபியையும் புகாரில் போடாதீர்கள், அனுப்புநர் எண்ணைப் போலியாகப் போட முடியும். எஸ்எஸ்ஹெச் முயற்சி, இரண்டு பக்கமும் பதில் சொல்லி இணைப்பை உறுதிசெய்யும் டிசிபி கைகுலுக்கல் முடிந்த பிறகுதான் லாக்கில் யூசர் பெயரோடு வரும் என்பதால் அந்த ஐபி உண்மையானது. மொபைல் நிறுவன ஐபியை ஒரேயடியாக அடைத்தால் உங்கள் வாடிக்கையாளரே வெளியே நிற்பார். தாக்கும் மெஷினைத் திருப்பி ஸ்கேன் பண்ணுவது, உள்ளே போய்ப் பார்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம், மேலே சொன்ன அதே சட்டப் பிரிவுகள் நம் மேலும் பாயும்.

இன்னும் ஒரு தொகுப்பு பதிலே சொல்லாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. அதன் ஏஎஸ் எண்ணை (நெட்வொர்க்கின் அடையாள எண்) பிடித்து, அதற்கு இணைப்புக் கொடுக்கும் மேல் நிறுவனத்துக்கு இதே வடிவத்தில் எழுதியிருக்கிறேன். அவர்கள் டிக்கெட் எண் கொடுத்திருக்கிறார்கள். ஏதாவது நடந்தால் எழுதுகிறேன்.