நாய் மூட்டுவலி மருந்துச் சோதனை: எங்கெல்லாம் ஓட்டை விழுந்தது

நெறிமுறைக் குழுவின் அனுமதி, வளர்ப்பவர்களின் ஒப்புதல், எந்த நாய்க்கு எந்த மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரிக்கும் ரேண்டம் பட்டியல் எல்லாம் சொன்ன தேதிக்குள் முடிந்தன. வலி மாத்திரையும், அதே நிறத்தில் அதே அளவில் மருந்தே இல்லாத போலி மாத்திரையும் எண் ஒட்டிய டப்பாக்களில் வந்து சேர்ந்தன. 28 நாள், நான்கு விசிட். பாதி தாண்டிய பிறகுதான் தரவில் எத்தனை ஓட்டை என்று தெரிந்தது.

முதல் அடி கேள்வித்தாளில். நாங்கள் எடுத்தது சிபிபிஐ (CBPI), நாயின் வலியை வளர்ப்பவரே மதிப்பிடும் கேள்வித்தாள். கடந்த 7 நாளை மனதில் வைத்து, வலி பற்றி 4 கேள்வி, நடை, ஓட்டம், படியேறுவது போன்றவை பற்றி 6 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. வலிச் சராசரி 1, செயல் சராசரி 2 குறைந்தால்தான் அந்த நாய்க்கு மருந்து வேலை செய்ததாகக் கணக்கு. முதல் நாள் அம்மா நிரப்புகிறார். 14ஆம் நாள் மகன் நாயைக் கூட்டிவந்து அவனே நிரப்புகிறான். அம்மா 7 போட்ட இடத்தில் அவன் 4 போடுகிறான். குறைந்தது வலியா, மாறியது ஆளா? எந்தப் புள்ளியியலாலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. படிவத்தின் மேலேயே நிரப்புபவர் பெயருக்கு ஒரு கட்டம் போடுங்கள். விசிட்டுக்கு முந்தைய நாள் போன் செய்து யார் வருகிறார் என்று கேளுங்கள். வேறு ஆள் வந்துவிட்டால் படிவத்தைக் கையில் கொடுக்காமல், வழக்கமாக நிரப்புபவரிடம் அன்றைக்கே போனில் கேட்டு எழுதுங்கள். இப்படிச் செய்யத் தொடங்கியதும் அந்தத் தொல்லை அடங்கியது.

சேர்க்கைக்கு இரண்டு சராசரியும் குறைந்தது 2 இருக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். இந்த எல்லையைக் கிளினிக் ஊழியர்களிடம் சொன்னது பெரிய தவறு. நாய் கிடைக்காத வாரங்களில், சேர்த்துக்கொள்வதற்காகவே ஏற்றிப் போட்டதுபோல 2.1, 2.2 என்று மதிப்பெண்கள் எல்லையை ஒட்டியே வந்தன. அடுத்த விசிட்டில் அவை தானாகவே இறங்கிவிடும், போலி மாத்திரை தின்ற நாய்க்கும் சேர்த்து. ஏற்கெனவே போலி மருந்தின் பலன் இந்த நோயில் அதிகம்: 2012இல் வெளியான ஓர் ஆய்வில் போலி மருந்துக் குழுவின் 58 நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் நொண்டல் குறைந்ததாக வளர்ப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். எல்லை எண் உங்கள் மையக் குழுவுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

அடுத்தது ஸ்டீராய்டு. அதுவும் வலியைக் குறைக்கும் என்பதால் சோதனை முடிவைக் குழப்பிவிடும். “ஸ்டீராய்டு கொடுத்தீர்களா?” என்றால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், சொறிக்கு வேறு கிளினிக்கில் போட்ட நீண்ட நாள் ஊசி அவர்கள் கணக்கில் ஸ்டீராய்டு இல்லை. நாய்களில் ஸ்டீராய்டு, ரத்தத்தில் அளக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியை ஏற்றிவிடும். ஒரு நாயின் முதல் நாள் ரத்தப் பரிசோதனையில் அது எகிறியிருந்ததைப் பார்த்து மறுபடி கேட்ட பிறகுதான் ஊசி விஷயம் வெளியே வந்தது. ஸ்டீராய்டோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரும், ரத்தம் கசியும். ஆகவே இது தரவுப் பிரச்சினை மட்டும் அல்ல. “கடைசி 2 மாதத்தில் எதற்காகவாவது ஊசி போட்டதா, காதுக்குச் சொட்டு, தோலுக்குக் களிம்பு?” என்று கேளுங்கள்.

மாத்திரை எண்ணிக்கையில் சின்ன உத்தி: 28 நாளுக்குச் சரியாக 28 கொடுக்காதீர்கள். நாங்கள் 32ஆகக் கொடுக்க ஆரம்பித்தோம். காலி டப்பா எதையும் நிரூபிக்காது. 4 மாத்திரையோடு திரும்பும் டப்பா நிரூபிக்கும். 9 திரும்பினால் ஐந்து நாள் தவறியிருக்கிறது. ஒன்றுமே திரும்பாவிட்டால் வீட்டில் இன்னொரு நாய் இருக்கிறதா என்று கேளுங்கள். இறைச்சி வாசனை மாத்திரையை அது தட்டிப் பறித்துவிடும்.

டப்பாவைக் கொடுத்துப் புகார்களைக் கேட்பவர், நாயின் நடையைப் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது. வாந்தி, கழிச்சல் புகார்களைக் கேட்பவருக்கு எது நிஜ மருந்து என்ற ஊகம் வந்துவிடும். ஒரு மையத்தில் இரண்டு வேலையையும் ஒருவரே செய்துகொண்டிருந்தார். எடுத்துச் சொன்ன பிறகும் மாற்றவில்லை. அந்த மையத்தின் நடை மதிப்பெண்களைத் தனியாகப் பிரித்துத்தான் அலச வேண்டியதாயிற்று. இன்றுவரை அந்த வருத்தம் ஆறவில்லை.

இதே திட்டத்தைப் பூனைக்கு அப்படியே நகல் எடுக்காதீர்கள். கிளினிக் மேசையில் பூனை பதுங்குமே தவிர நடந்து காட்டாது. ஜன்னல் திண்டுக்குத் தாவுவது, மணல் பெட்டிக்குள் ஏறுவது என்று வளர்ப்பவரே தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று செயல்களை வைத்து, வீட்டிலேயே மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். மருந்து கொடுக்கும்போது இரண்டு குழுவும் தேறியதுபோலத் தெரியும். நிறுத்திய பிறகு எந்தக் குழு சரிகிறது என்பதில்தான் வித்தியாசம் பிடிபடும். ஆகவே யாருக்கும் சொல்லாமல் எல்லோரையும் போலி மருந்துக்கு மாற்றும் சில வாரங்களைத் திட்டத்திலேயே சேருங்கள். அப்படி ஒரு கட்டம் உண்டு என்பதை ஒப்புதல் படிவத்தில் எழுதிவிடுங்கள். மாத்திரை கொடுத்தவுடன் 5, 6 மில்லி தண்ணீரைச் சிரிஞ்சில் மெதுவாக விடச் சொல்லுங்கள். உலர்ந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே தங்கிவிடும், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போன்றவை அங்கேயே புண்ணாக்கும்.