பினாங்குக்கு மறுபடியும், இந்தத் தடவை ஒரு மாதம்

"ஏட்டி, சாரல் விழுற நேரத்துல எவளாச்சும் ஊரை விட்டுப் போவாளா?" என்று அத்தை கேட்டாள். நியாயமான கேள்விதான். ஜூனில் குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் ஊர் உலகமெல்லாம் எங்கள் பக்கம் கிளம்பி வரும். செங்கோட்டைக்காரி நான் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஆரியங்காவு தென்மலை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து கோலாலம்பூருக்கு விமானம் பிடித்து, அப்புறம் நாலு மணி நேர ரயிலில் பட்டர்வொர்த் போய், கடலைத் தாண்டி மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் இறங்கினேன். தனியாக ஒரு மாதம் தங்கப் போகிறேன் என்பதுகூட அத்தைக்குப் பெரிதாகப் படவில்லை, சாரலை விட்டுவிட்டுப் போகிறேனே என்றுதான் வருத்தம்.

முதல் தடவை வந்தது 2018-இல், கூட வேலை பார்த்தவர்களோடு, நாலே நாள். மலை ரயிலில் ஏறினோம், சுவர் ஓவியங்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தோம், திரும்பிவிட்டோம். எனக்கு அந்த ஊரில் பிடித்தது அதெல்லாம் இல்லை. காலை ஏழு மணிக்கு யாரும் எழுந்திருக்காத நேரத்தில் அஞ்சடியில் நடந்தேன், அதுதான் பிடித்தது. கடை வீடுகளுக்கு முன்னால் கூரை போட்டு அஞ்சடி அகலத்துக்கு விட்டிருக்கும் நடைபாதையை அங்கே தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், நம்ம ஊர்த் திண்ணையை நீட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் இங்கே வந்து சும்மா இருக்கவேண்டும் என்று அப்போதே நினைத்தேன். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் என்று மலேசியா அறிவித்ததும் அந்த ஆசைக்கு ஒரு கணக்கும் கிடைத்துவிட்டது. ரிங்கிட்டுக்கு ஏறக்குறைய 20 ரூபாய் என்று மனசுக்குள் பெருக்கிப் பெருக்கி மூன்றாவது நாள் அதையும் விட்டுவிட்டேன்.

ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். காரும் பைக்கும் ஆட்களும் ஒன்றாக ஏறும் அந்தப் பழைய ஃபெர்ரிகள் 2020 கடைசியோடு நின்றுபோயின. இப்போது ஓடுபவை ஆட்களையும் பைக்குகளையும் மட்டும் ஏற்றும் புதிய படகுகள், நான் ஏசிக்குள் உட்கார்ந்தேன். உப்புக் காற்று முகத்தில் அடிக்காமல் அது என்ன கடல் பயணம்?

அடுத்தது அறை. ஆன்லைனில் பார்த்து எடுத்தேன். படத்தில் பெரிய ஜன்னல் இருந்தது, ஜன்னல் நிஜமாகவே பெரியதுதான், ஆனால் திறந்தால் எதிரே ஒரு முழம் தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும், ஏசி வெளிப்பெட்டி நாலும். இரண்டு நாள் பொறுத்துவிட்டு, வேறொரு சந்தில் ஒரு சீன அம்மா மாடியில் வாடகைக்கு விடும் அறைக்கு மாறினேன். ஒரு ரைஸ் குக்கரும் கொடுத்தார். மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு என் ஒரே யோசனை: முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் பணம் கட்டுங்கள், மீதியை நேரில் பாருங்கள்.

அந்த ரைஸ் குக்கரில்தான் பத்தாம் நாள் உளுந்தஞ்சோறு வைத்தேன். லிட்டில் இந்தியாவில் தொலி உளுந்து கிடைத்தது, தேங்காயும் பூண்டும் வெந்தயமும் அங்கேயே. உளுந்தும் பூண்டும் சேர்ந்து வெந்து வாசனை படிக்கட்டு வரை இறங்கியதும் அந்த அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு ஹொக்கியன் என்ற சீன மொழியும் மலாயும், எனக்குத் தமிழும் மலையாளமும் பாதி இங்கிலீஷும். ஒரு கிண்ணத்தில் போட்டு எள்ளுத் துவையல் ஓரமாக வைத்துக் கொடுத்தேன். மறுநாள் கிண்ணம் வெறுமனே வரவில்லை, உள்ளே பாசிப்பருப்பு பூரணம் வைத்து ஆமை வடிவில் அச்சடித்த இரண்டு சிவப்புப் பலகாரம், ஆங் கூ குயே.

பாஷை பற்றி எனக்குப் பயமே இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் எங்களுடையது, ஊர் வாசல் வளைவில் இன்னும் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருக்கிறது, வீட்டில் ஒரு பேச்சு, கேரளப் பக்கத்துப் புனலூர் சந்தையில் ஒரு பேச்சு என்று வளர்ந்த வாய். இங்கே கடைக்கு கெடாய், கப்பலுக்கு கப்பால். சலவைக் கடைக்கு டோபி என்று போர்டே வைத்திருக்கிறார்கள்! பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டஞ்சாயாவுக்கு "தே ஓ கோசோங்" என்று ஒரு நாளில் பழகிவிட்டது. சோறும் பலவகைக் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடையில் எல்லாக் குழம்பையும் சோற்றின்மேல் கலந்து ஊற்றச் சொல்ல "பஞ்சிர்" என்றால் போதும், வெள்ளம் என்று அர்த்தம். கரண்டியைச் சட்டி சட்டியாக முக்கி மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று கடைக்காரர் ஊற்றும்போது தட்டு விளிம்பில் வந்து நிற்குமே தவிர ஒரு சொட்டு கீழே விழாது.

அந்தக் கடைக்காரர் மூன்றாம் நாள் என்னிடம் தமிழில், "எந்த ஊரும்மா?" என்றார்.

"செங்கோட்டை, பாய்."

"அட, நம்ம தாத்தா கடையநல்லூர்லா!"

கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்கள் என்று தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்து ஊர்ப் பெயரைக் குழம்புக் கரண்டிக்குப் பின்னாலிருந்து கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லையாம். ரயில் வருமா, மழை எப்படி என்று விசாரித்தார். அன்றைக்கும் காசு வாங்கினார், அதில் மட்டும் மாற்றமில்லை.

எல்லா நாளும் இப்படி இருந்தது என்றால் பொய். பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மழை, மதியம் மூன்று மணி, பேச ஆளில்லை, வாட்ஸ்அப்பில் ஐந்தருவி வீடியோவாக வந்து குவிகிறது. எதுக்கு வந்தேன் என்று தோன்றியது. அன்று சாயங்காலம் வரை தூங்கினேன். மறுநாள் பாலிக் புலாவ் போய் டுரியான் தின்றதும் கொஞ்சம் சரியானது. ஆங் ஹே என்று ஒரு ரகம், சிவந்த சுளை, நம்ம வருக்கைச் சக்கைக்கு, அதாவது கெட்டிச் சுளைப் பலாவுக்கு, எதிர்க்கட்சி. மீதியை அறைக்குக் கொண்டுவரக் கூடாது என்று அந்த அம்மா படிக்கட்டிலேயே படம் வரைந்து ஒட்டியிருக்கிறார்.

இன்று இருபத்திரண்டாம் நாள். நாளைக்கு டோபியில் துணி வாங்கவேண்டும். சீட்டை எங்கே வைத்தேன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.