கெர்லிங் மண் ரோடு

ஜூன் 30, 2025, திங்கள். செந்தூல், கோலாலம்பூர்

நேற்று ராத்திரி பத்து மணிக்குத் தம்பி புது கிரேவல் (சரளை ரோட்டு) சைக்கிளோடு வாசலில் வந்து நிற்கிறான். நாளை முதல் பந்தய சைக்கிளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. கிரேவல் அந்தக் கணக்கில் வருமா வராதா என்று சைக்கிள்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. சண்டை முடியும்வரை இவன் காத்திருக்கவில்லை. பெண்டாட்டியிடம் என்ன விலை சொன்னான் என்று நான் கேட்கவும் இல்லை.

என்னுடையதற்கு இரண்டு வயது. பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரியே வளைந்த ஹேண்டில், டயர் மட்டும் தடி, 43 மில்லிமீட்டர். மண், சரளை, உடைந்த தார், எல்லாவற்றிலும் போகும். இதுவரை அது பார்த்ததெல்லாம் நகரத்துக்குள்ளேயே இருக்கும் புக்கிட் கியாரா குன்றும் பாசாரும் (சந்தை)தான்.

ஜூலை 12, 13 இரண்டு நாளும் எனக்கு டூட்டி இல்லை. வார்டில் சனியும் ஞாயிறும் சேர்ந்து கிடைப்பது குறிஞ்சி பூக்கிற மாதிரி. தம்பி உடனே, "கோலகுபு பாருவிலேருந்து பிரேசர் மலை ஏறலாம்கா" என்றான். சுமார் 40 கிலோமீட்டர். அணைக்கட்டு, காடு, 1951-இல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் கர்னியைச் சுட்டுக் கொன்ற வளைவு, எல்லாம் வழியிலேயே. நல்ல பாதைதான், மறுக்கவில்லை. ஆனால் முழுக்கத் தார். அதில் தடி டயரை உருட்டிக்கொண்டு ஏறுவது கல்யாண வீட்டுக்குக் கம்பூட்ஸ் போட்டுப் போகிற மாதிரி. கோலகுபு பாருவில் தங்குவோம், ஆனால் மண் ரோடு தேடுவோம் என்று முடிவு.

ஜூலை 3, வியாழன்

கொமூட் செயலியில் பாதை வரைந்தால் எவ்வளவு தார், எவ்வளவு சரளை என்று பிரித்துக் காட்டும். கோலகுபு பாரு இருக்கும் உலு சிலாங்கூர் மாவட்டத்தில் வரைந்தால் முக்கால்வாசி 'தெரியாது' என்கிறது. இந்தச் செயலிகள் பலவும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை நம்பித்தான் ஓடுகின்றன. அது யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய வரைபடம். அதில் மண் பாதைகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் உண்டு. ஒன்று கெட்டித் தரை, ஐந்து வெறும் புல்லும் பொதபொத மண்ணும். யாராவது நேரில் போய்ப் பார்த்து எழுதினால்தான் எண் விழும். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் யார் போய் எழுதுவது?

சரி என்று செயற்கைக்கோள் படத்துக்கு மாறினேன். செம்பனைக் குன்றுகள் மேலிருந்து பார்த்தால் கட்டைவிரல் ரேகை. சரிவில் படி வெட்டி நட்டிருப்பதால் வளைய வளையக் கோடுகள். அந்த ரேகையை வெட்டிக்கொண்டு வெளுத்த கோடு ஒன்று ஓடினால் அது குலை ஏற்றும் லாரிப் பாதை, நமக்கு ஆகும். கோடு பாதியில் மங்கினால் ஓலை மூடிய பாதை, ஆகாது. இப்படியே கோலகுபு பாருவுக்கு வடக்கே கெர்லிங் பக்கம் உருட்டிக்கொண்டு போனபோது அம்மா பின்னால் வந்து நின்றார்.

"என்னா படம் அது?"

அம்மா பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கத்துத் தோட்டம். 1986-இல் கல்யாணமாகிச் செந்தூல் வரும்வரை அங்கே கித்தா (ரப்பர்) மரத்தில் பால்வெட்டு. இன்று திரையில் ஒன்றும் பிடிபடவில்லை அவருக்கு. "கித்தா மரம் ஒண்ணு கூட இல்லையே" என்றார். பிறகு நாள்காட்டியில் போன மாதத் தாளைக் கிழித்துப் பின்பக்கம் வரைந்து கொடுத்தார். பெரட்டுக் களம் (விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), பால் ஸ்டோர், மாரியம்மன் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஆறாம் நம்பர் தீம்பாரு (கித்தா மரக் காடு). அதன் ஓரத்தில் ஒரு முக்கோணம் போட்டு 'மூச்சுவாங்கி மேடு' என்று எழுதினார். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"கோயில்லேருந்து மேடு எத்தனை கிலோமீட்டர்மா?"

"கிலோமீட்டரா? அஞ்சே முக்காலுக்குப் பெரட்டு முடிஞ்சு நடந்தா, மேட்டடிக்குப் போறப்போ வெளுத்துடும்."

தம்பி கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி: "அது 82-க்கு முன்னாடியா பின்னாடியா?" 1982 பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன்பென்றால் ஆறு இருபதுக்கே வெளுக்கும், பின்பென்றால் ஆறு ஐம்பது ஆகும். அம்மா யோசித்து, "முன்னாடி. அப்ப நான் ஆளான புதுசு" என்றார். முப்பத்தைந்து நிமிட நடை, இருட்டு, கையில் வாளி. இரண்டரை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டோம். படத்தில் அளந்தால் 2.6-இல் சமஉயரக் கோடுகள் நெருக்கி அடித்து நிற்கின்றன. 600 மீட்டருக்குச் சராசரி 11 விழுக்காடு ஏற்றம்.

"உங்க தாத்தா சைக்கிள்ல ரெண்டு பால் டின்னைக் கட்டிக்கிட்டு அதுல ஏறுவாரு" என்றார் அம்மா. "கீரா? அதெல்லாம் ஏது."

என்னுடையதில் பதினொரு கீர் இருக்கிறது. முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் பெரியதில் 42. மிதி ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றாது. சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கியாராவில் சோதனை ஓட்டம். தம்பி இரண்டு டயரிலும் 50 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு வந்தான், கடைக்காரர் சொன்னாராம். வேர் மேல் ஏறியதும் கங்காரு. 35-க்கு இறக்கினோம், பரவாயில்லை. அவன் எடைக்கு 32-இல் சரியாக உட்கார்ந்தது. எனக்கு 28. மண்ணில் காற்றைக் குறைத்தால் டயர் கல்லைக் கவ்வும், ரொம்பக் குறைத்தால் ரிம் கல்லில் அடிபடும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே அளவு சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த வகை இல்லை, சின்னக் காற்றழுத்த மீட்டர் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

தோட்டம் தனியார் நிலம். கேட்டில் சங்கிலியும் ஜாகாவும் (காவலாளி) இருப்பார்கள். சைக்கிள்காரர்கள் பலர் சங்கிலிக்கு அடியில் குனிந்து போய்விடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. ஆபீசுக்கு மூன்று தடவை போன் அடித்து, நான்காவது தடவை கிராணி (குமாஸ்தா) எடுத்தார். மலாயில் ஆரம்பித்து, பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். அடையாள அட்டை எண் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை லாரி ஓட்டம் இல்லை, ஏழரைக்கு மேல் நுழைந்து பன்னிரண்டுக்குள் வெளியே வந்துவிட வேண்டும். "அப்புறம் பழம் எதையும் தொடாதீங்க." செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோ இருக்கும், அதை சைக்கிளில் எங்கே வைப்பது?

ஜூலை 10, வியாழன்

டயரில் ட்யூப் கிடையாது. உள்ளே வெள்ளையாக ஒரு பால் ஊற்றுவோம், ஓட்டை விழுந்தால் அது போய் அடைத்துக்கொள்ளும். நம் ஊர் வெக்கைக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். அதனால் பயணத்துக்கு முன் புதிதாக ஊற்ற வேண்டும். சமையலறைத் தரையில் பழைய தினசரியை விரித்து, சக்கரத்துக்கு 60 மில்லி அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"யாரு ஸ்டோரைத் தொறந்தது?"

எனக்குப் புரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பாட்டிலை வாங்கி மோந்தார். மறுபடியும் மோந்தார். "அமோனியா. பால் கட்டியாகாம இருக்க ஊத்துவாங்க. இது நம்ம கித்தா பாலு." பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இயற்கை ரப்பர் பால், அமோனியா. அமோனியா பாலைத் தண்ணீராக வைத்திருக்கிறது, ஓட்டை வழியே பீறிட்டு வெளியே வரும்போது அது பறந்துபோய்ப் பால் உறைகிறது. இரண்டு வருடமாக ஊற்றுகிறேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் விலைதான். சின்னப் பாட்டில், ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் குறைவு. அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் காலத்துப் பால் விலையோடு ஒப்பிட்டு ராத்திரிவரை ஓயவில்லை.

ஜூலை 12, சனி. கோலகுபு பாரு

மைவி காரின் பின்சீட்டை மடித்து, முன்சக்கரங்களைக் கழற்றி, இரண்டையும் திணித்தோம். நெடுஞ்சாலை வேண்டாமென்று பழைய ஈப்போ ரோட்டிலேயே வந்தோம். ரவாங், செரெண்டா, பத்தாங்காலி. பத்தாங்காலியில் ரொட்டி சானாய், மீன் குழம்பு. குழம்பு சுமார்தான்.

இன்று கால் பழக மட்டும். டவுனிலிருந்து அணைக்கட்டு வரை ஏறி, நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினோம், நடுவில் ஆற்றோரமாகக் கொஞ்சம் சரளை. அணைக்கு மேல் ஜிலிங் அருவிப் பக்கம் போகலாம் என்றான் தம்பி. மலையில் கறுத்திருந்தது. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை 'கெப்பாலா ஆயர்' (திடீர் வெள்ளம்) ஆக வந்து ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். மத்தியானத்துக்கு மேல் ஆற்றைக் கடக்கும் பாதை எதுவும் என் திட்டத்தில் கிடையாது. பேச்சுக்கே இடமில்லை.

டவுனை ஒட்டிய கிராமத்துக்குப் பெயர் அம்பாங் பெச்சா. மலாயில் 'உடைந்த அணை'. 1883-இல் பழைய கோலகுபுவின் அணை உடைந்து ஊரோடு வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டையும் கொண்டுபோனது. பிறகு ஈயச் சுரங்க மண் வந்து ஆற்றை மேடாக்க, வெள்ளம் விடாமல் வர, கடைசியில் ஊரையே தள்ளிக் கட்டி 'பாரு' (புது) என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று தம்பி படமெடுத்துக்கொண்டான்.

ஐந்து மணிக்கு நல்ல மழை. கூரையில் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு நாளைய மண்ணைப் பற்றித்தான் நினைப்பு.

ஜூலை 13, ஞாயிறு. கெர்லிங், பிறகு செந்தூல்

ஏழே முக்காலுக்குக் கேட். ஜாகா பட்டியலில் எங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு சிரித்தார். பக்கத்தில் டிராக்டரோடு நின்ற ஒரு பெரியவர், "எங்க போறீங்க தங்கச்சி?" என்றார். வரைந்த 34 கிலோமீட்டர் வட்டத்தைக் காட்டினேன். திரையைப் பார்க்கவே இல்லை அவர். "கெழக்கால போகாதீங்க. மறுநடவு. மண்ணைப் பொரட்டிப் போட்டிருக்கான்."

நாங்கள் போனோம். வேறென்ன.

முதல் ஐந்து கிலோமீட்டருக்குள் இந்தப் பயணத்தையே அடக்கிவிடலாம், அப்படி இருந்தது. சிவந்த சரளை, லாரி அழுத்தி அழுத்திக் கெட்டியானது. மேலே மட்டும் மழையில் ஈரம், தூசி இல்லை. இருபக்கமும் செம்பனை மட்டைகளில் பெரணி தொங்க, வரிசைக்கு வரிசை வெளிச்சம் ஒரு கோடு, நிழல் ஒரு கோடு. டயர் போடும் சத்தம் பொரி வறுக்கிற மாதிரி. எலி பிடிக்க ஆந்தைக்குக் கட்டிய மரப்பெட்டிகள் கம்பத்தின் மேல். வலப்பக்கம் முதுகெலும்பு மாதிரி தித்திவங்சா மலை, அடியில் பஞ்சாய் மூடுபனி.

அப்புறம் கிழக்கே திரும்பினோம். செம்பனைக்கு இருபத்தைந்து வருடம்தான் கணக்கு, அதற்குமேல் குலைக்கு எட்டாது, வெட்டிவிட்டு மறுபடி நடுவார்கள். என் படத்தில் இருந்த வெளுத்த கோட்டைக் காணோம். குன்று முழுக்கச் சிவப்புக் களி, புதுப் படிகள், முழங்கால் உயரக் கன்றுகள். இருபது மீட்டர் போனதும் சக்கரம் நின்றுவிட்டது. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே களிமண் அடைத்து, உருட்டவும் முடியவில்லை. தோளில் தூக்கினால் பத்து கிலோ சைக்கிள் பதினைந்து கிலோ. ஓலையைக் கிழித்து ஈர்க்கு எடுத்து அரை மணி நேரம் சுரண்டினோம். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மேற்கே திரும்பி, அம்மாவின் தாளை எடுத்தோம். அதுவும் பாதி பொய். லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) இல்லை, பால் ஸ்டோர் இல்லை, பெரட்டுக் களம் இருந்த இடத்தில் உர மூட்டைக் கொட்டகை. கோயில் மட்டும் புது வர்ணத்தில். அங்கிருந்து மீட்டரைச் சுழியில் வைத்து மிதித்தேன். 2.5-இல் பாதை வளைந்து, நிமிர்ந்து நின்றது மேடு. கடைசிக் கீர், மூக்கு ஹேண்டிலைத் தொடுகிறது, கொஞ்சம் எழுந்தால் பின்சக்கரம் சறுக்குகிறது, உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்குகிறது. பாதியில் இறங்கித் தள்ளினேன். தம்பி ஏறிவிட்டான், ஆனால் மேலே போய் வாந்தி.

இறக்கத்தில்தான் என் பின்டயரில் மட்டை முள். உஸ்ஸென்று வெள்ளையாகப் பீறியது. ஓட்டையைக் கீழே திருப்பி வைத்துக் காத்திருந்தேன். நுரைத்தது, குமிழ் விட்டது, நின்றது. மறுபடி காற்றடித்துக் கேட்டுக்கு வந்தபோது பதினொன்றே முக்கால். மொத்தம் 22 கிலோமீட்டர். டிராக்டர் பெரியவர் எங்கள் சேற்றைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். "தண்ணி பைப்பு அந்தப் பக்கம் இருக்கு" என்றார்.

ஜூலை 14, திங்கள்

கோயில் திருநீற்றை அம்மாவிடம் கொடுத்தேன். பூசிக்கொண்டு, மேட்டில் ஏறினாயா என்று கேட்டார். தள்ளினேன் என்றேன். "தாத்தாவும் தள்ளுவாருதான். பால் சிந்திடும்ல" என்றார், இப்போது மட்டும்.

சைக்கிள் கழுவும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முள் குத்திய இடத்தில் பால் காய்ந்து ஒரு இழை துருத்திக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, பக்கத்தில் டயர் முழுக்கத் தெறித்து ஒட்டியிருந்ததையெல்லாம் நகத்தால் நெம்பி, நீளமாக உரித்தெடுத்தார். நான் செய்தால் துண்டு துண்டாகத்தான் வருகிறது. உரித்ததையெல்லாம் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் சேர்ப்பதுபோல் உள்ளங்கையில் சுருட்டி, கோலி அளவுக்கு உருட்டி, படியில் ஓங்கிப் போட்டார்.

எகிறியது.