ஏன் டீச்சர் அவள் சாகணும்?

பதின்பருவத்தினருக்கான சிறுகதைகளைப் படித்துத் திருத்துவதுதான் என் வேலை. பெண்ணை விரும்பும் பெண்ணும் ஆணை விரும்பும் பையனும் வரும் கதைகள் முன்பு அத்தி பூத்தாற்போல வரும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்களின் சம்மத உறவை, தன்பால் உறவைக் குற்றமாக்கி வந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவிலிருந்து விலக்கிய பிறகு அடிக்கடி வருகின்றன. எழுதுகிறவர்களுக்குத் தைரியம் வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் பல கதைகளின் போக்கு ஒன்றுதான். கதை நெடுக ஒரு ரகசியம், கடைசிப் பத்தியில் அது வெளியே வரும், வந்த கையோடு அந்தப் பிள்ளை கிணற்றிலோ தண்டவாளத்திலோ கிடக்கும்.

கடைசி வரியில் தூக்கிவாரிப் போடுவதுதான் நல்ல சிறுகதை என்று நம்மில் பலருக்குப் பழகிவிட்டது. திருடன் யார் என்பதைக் கடைசிவரை ஒளித்து வைக்கலாம், தப்பில்லை. ஒருத்தி இன்னொருத்தியை நேசிப்பதை அப்படி ஒளித்து வைத்தால், அதே மனசோடு படிக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன போய்ச் சேரும்? தான் இருப்பதே ஊருக்கு அதிர்ச்சி என்பதுதான். அந்த வயதில் அது சாதாரண விஷயம் இல்லை.

தென்மாவட்டத்து ஆசிரியை ஒருவர் அனுப்பிய கதையைச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி கோ-கோ அணியில் இரண்டு பெண்கள். மைதானத்தின் புழுதியும் கம்பத்தைப் பிடித்துத் திரும்பும் வேகமும் அவ்வளவு அசலாக இருந்தன. முடிவில் மட்டும் ஒரு கடிதம், ஒரு சாவு. தொலைபேசியில் கேட்டேன்.

“ஏன் டீச்சர் அவள் சாகணும்?”

“சாகலேன்னா கதை எப்படிம்மா முடியும்?”

கபடமே இல்லாமல் கேட்டார். அவர் படித்து வளர்ந்த கதைகள் அப்படித்தான் முடிந்திருந்தன. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1969இல் ஜான் டோனோவன் எழுதிய இளையோர் நாவலில் இரண்டு பையன்கள் நெருங்குகிறார்கள். அப்புறம் நாயகனின் நாய் வண்டியில் அடிபட்டுச் சாகிறது. தான் செய்ததற்குத் தண்டனை என்று அவன் நினைக்கிறான். 1982இல் நான்சி கார்டன் தன் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ நாவலில் இரண்டு பெண்களையும் உயிரோடும் நம்பிக்கையோடும் விட்டார். அந்தப் புத்தகத்தை 1993இல் கான்சாஸ் சிட்டியில் கொளுத்தினார்கள். பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்ததை எதிர்த்து மாணவர்களும் பெற்றோரும் வழக்குப் போட, 1995இல் கூட்டாட்சி நீதிமன்றம் திரும்ப வைக்கச் சொன்னது. இடையில், 1994இல், மரியன் டேன் பாயர் இந்தப் பொருளில் இளையோருக்கென்றே புதிய சிறுகதைகளை எழுதி வாங்கி ‘ஆம் ஐ ப்ளூ?’ என்று தொகுத்தார். தலைப்புக் கதையில் தன்பாலீர்ப்பாளர்கள் எல்லாரும் ஒருநாள் முழுக்க நீல நிறமாகத் தெரிவார்கள். படிக்கிற பிள்ளை சிரிக்கலாம். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

டீச்சரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கடைசிப் பத்தியில் இருப்பதை முதல் வரிக்குக் கொண்டுவர முடியுமா? யோசித்து எழுதி அனுப்பினார்: “மற்றவர்கள் கோ சொன்னால் எழுந்து ஓடுவேன். அவள் சொன்னால் ஒரு நொடி தாமதமாகிவிடும்.” கோ-கோவில் பின்னாலிருந்து தொட்டு ‘கோ’ சொல்லாமல் எழுந்தால் தவறு, சொன்ன பிறகு உட்கார்ந்திருந்தால் எதிராளி தப்பிவிடுவாள். அந்த ஒரு நொடியில் மாவட்டப் போட்டி இருக்கிறது, பி.டி. சாரின் கோபம் இருக்கிறது, ஏன் தாமதம் என்று தோழியே கேட்பது இருக்கிறது. ரகசியம் போனதும் கதைக்கு உயிர் வந்தது. சாவு தேவைப்படவே இல்லை.

அப்புறம் அலுவலகத்தில் பேச்சு வந்தது. நூலக ஆர்டர் கிடைக்காது, பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்றார்கள். இந்தக் கதையில் காமம் எங்கே இருக்கிறது என்று வரி வரியாகக் காட்டச் சொன்னேன். பள்ளிப் பிள்ளைகளின் கதையில் அதை நாங்கள் யாருக்கும் எழுதுவதில்லை. பையனும் பெண்ணும் பேருந்தில் பார்த்துக்கொள்ளும் கதை அதே தொகுப்பில் இருந்தது, அதைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு இன்றும் ஆறவில்லை. கதை வந்தது, கடைசி இடத்தில்.

டீச்சர் அடுத்த கதையும் அனுப்பிவிட்டார். இதில் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அழுகிறாள், மறு வரியிலேயே மகளைக் கட்டிக்கொள்கிறாள். அவருக்கு 2021ஆம் ஆண்டு வழக்கைச் சொன்னேன். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விரிவான உத்தரவை எழுதினார். நீதிபதிக்கே அவகாசம் தேவைப்பட்டது. கதையில் வரும் அம்மா பீடி சுற்றுகிறவள், இதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை காதில் விழாதவள். அவளுக்கு இன்னும் இரண்டு பக்கமாவது கொடுங்கள் டீச்சர், கோபப்படட்டும், ஒருநாள் சாப்பிடாமல் இருக்கட்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.