ஆமைத் தொட்டியில் வெண்புழுக்கள்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4

ஆமைத் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில், நீர்மட்டத்தை ஒட்டி, மயிரிழைப் பருமனில் வெண்ணிறப் புழுக்கள் தென்படுகின்றன. பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை. சில கண்ணாடியைப் பற்றிக்கொண்டு மெல்ல அசைகின்றன. பிடி நழுவியவை நீரோட்டத்தில் நெளிந்தபடி அடியில் போய்ச் சேர்கின்றன. கூழாங்கற்களைக் குச்சியால் கிளறியபோது பழுப்பு வண்டலோடு இன்னும் பல மேலெழுந்தன. ஆமையிடம் மாற்றம் எதுவும் இல்லை. நன்றாகத் தின்கிறது, மேடையில் ஏறி விளக்கின் வெப்பத்தில் காய்கிறது, கண்களில் வீக்கம் இல்லை, ஓடும் உறுதியாக இருக்கிறது.

புழு என்றதும் புழுக்கொல்லி மருந்தைத் தேடத்தான் மனம் போகும். ஆமை வளர்ப்பவர் அந்த இடத்தில் கட்டாயம் நிற்க வேண்டும். பல வீட்டு விலங்குகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின், ஆமையின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி, உடலைச் செயலிழக்கச் செய்து கொன்றுவிடக்கூடியது. மீன் தொட்டிக்கான மருந்துகளில் சில, வடிகட்டியில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடும். ஆகவே இவை என்ன புழுக்கள் என்று தெரியும்வரை தண்ணீரில் எதையும் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மார்ச் 5

ஒரு சொட்டு மருந்துக் குழாயால் சில புழுக்களை உறிஞ்சி, கறுப்புத் தாளின் மேல் வைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தேன். வெண்மையான புழு கறுப்புப் பின்னணியில்தான் தெளிவாகத் தெரியும். கைபேசியின் கேமராவை லென்சுக்கு அருகில் பிடித்து எடுத்த படங்கள் இன்னும் உதவின.

முதலில் தலையைப் பார்க்க வேண்டும். பிளனேரியா எனப்படும் தட்டைப்புழுவாக இருந்தால் தலை முக்கோணமாகவோ அம்பு முனை போலவோ இருக்கும், அதில் இரண்டு கண்புள்ளிகள் தெரியும், உடல் நாடா போலத் தட்டையாக இருக்கும். அடிப்புறத்து நுண்ணிழைகளால் அது நெளியாமல் வழுக்கிக்கொண்டே செல்லும். கிண்ணத்தில் இருந்தவற்றுக்குத் தனியான தலை வடிவம் இல்லை, கண்புள்ளி இல்லை. உடல் உருண்டு, நுட்பமான வளையங்களாகப் பிரிந்து, நடுவில் உணவு சென்ற தடம் கருங்கோடாகத் தெரிந்தது. மண்புழுவின் மிகச் சிறிய உறவினர்களான வளையப்புழுக்கள் இவை. மட்கும் பொருள்களைத் தின்று வாழ்பவை. இவற்றில் பல வகைகள் உடலையே இரண்டாகப் பிரித்துப் பெருகுவதால், உணவு கிடைத்துவிட்டால் எண்ணிக்கை மிக விரைவில் கூடிவிடும்.

மற்ற சாத்தியங்களையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். சிவப்பாக, தெளிவான தலையும் முன்பக்கத்தில் குட்டைக் கால் போன்ற முனைப்புகளும் கொண்டிருந்தால் அது புழுவே அன்று, கடிக்காத ஒரு வகைச் சிறு ஈயின் இளம்பருவம். அதன் சிவப்பு, நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபினால் வருவது, ஆமைக்கு அது நல்ல தீனியும்கூட. இரு முனைகளிலும் ஒட்டுறிஞ்சி இருந்து, உடலை வளைத்து அடிவைத்து நகர்ந்தால் அது அட்டை. அட்டை மட்டும் ஆமையின் தொடை மடிப்பிலும் கழுத்தோரத்திலும் ஒட்டி இரத்தம் குடிக்கும் என்பதால், ஆமையை வெளியே எடுத்து அந்த மடிப்புகளையெல்லாம் விளக்கொளியில் சோதித்தேன். எதுவும் இல்லை.

மார்ச் 6

தட்டைப்புழு ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்ய, மூடியில் சிறு துளைகள் இட்ட குப்பியில் ஒரு துண்டு இறைச்சியை வைத்து, ஆமை கடிக்க முடியாத மூலையில் இரவு முழுவதும் அமிழ்த்தி வைத்திருந்தேன். தட்டைப்புழுக்கள் இருட்டில் இறைச்சி மணத்துக்கு வந்து சேர்ந்துவிடும். காலையில் குப்பியில் ஒன்றும் இல்லை. ஒருவேளை இருந்திருந்தால், கண்ணாடியில் வைத்து நசுக்கும் வேலையில் இறங்கியிருக்கக் கூடாது. வெட்டுண்ட துண்டுகள் தனித்தனிப் புழுக்களாக வளர்ந்துவிடும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு.

மார்ச் 7

தொட்டியில் நீந்தும் புழுவும் ஆமையின் குடலில் வாழும் புழுவும் வேறு வேறு. ஒன்று இருப்பதால் மற்றொன்று இருக்கிறது என்றோ இல்லை என்றோ கொள்ள முடியாது. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை என்பதே என் கவலை. குடற்புழுவை அறிய எச்சத்தை நுண்ணோக்கியில் பார்ப்பதைத் தவிர நம்பத்தக்க வழி வேறில்லை. ஆமையைத் தனி வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, அங்கே கழித்த எச்சத்தை மூடியுள்ள சிறு டப்பாவில் எடுத்து, ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றே கொடுத்தேன்.

முட்டைகள் எவையும் தெரியவில்லை என்று மாலையில் சொன்னார். புழு முட்டைகள் எல்லா நாளும் வெளியேறுவதில்லை, அதனால் சில வாரம் கழித்து மீண்டும் ஒரு மாதிரி கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். ஆரோக்கியமான ஆமையிலும் சில வகைக் குடற்புழுக்கள் சிறு அளவில் இருப்பது இயல்பு. எடை குறைதல், தீனி மறுத்தல், கழிச்சல் ஆகியவை சேரும்போதுதான் பெரும்பாலும் மருந்து தேவைப்படும், அதையும் எடைக்குத் தக்க அளவில் மருத்துவரே கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

மார்ச் 8

இன்று சுத்தம் செய்யும் வேலை. ஆமையை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, சைஃபன் குழாயைக் கற்களுக்குள் ஆழமாகச் செருகி வண்டலை உறிஞ்சி எடுத்தேன். ஊறிய தீனித் துணுக்குகளும் எச்சமும் கற்களின் அடியில் படிந்து கெட்டியாகியிருந்தன. புழுக்களின் கிடங்கு அதுதான். கற்கள் அனைத்தையும் வெளியே எடுத்து, கொதிநீரில் அலசி உலர்த்திவிட்டேன். இனி அடிப்பகுதி வெறுமையாகவே இருக்கட்டும் என்று எண்ணுகிறேன். பார்க்க அழகு குறையும். ஆனால் கழிவு கண்ணுக்குத் தெரியும், சிறு கற்களை ஆமை விழுங்கிக் குடல் அடைபடும் ஆபத்தும் நீங்கும்.

வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிந்தேன். குளோரின் கலந்த நீர் பட்டால் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் இறந்துவிடும்; அவை மீண்டும் நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம், அதுவரை அம்மோனியா ஆமையின் கண்ணையும் தோலையும் எரிச்சலூட்டும். அதே காரணத்தால், வடிகட்டிக்குள் அந்தப் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் பீங்கான் வளையங்களைத் தொடவில்லை. தண்ணீரில் பாதியளவு மட்டும் மாற்றி, புதிய நீரில் குளோரின் நீக்கியைக் கலந்து ஊற்றினேன். வேலை முடிந்ததும் வாளிகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் வெளியே கழுவி, கைகளைச் சோப்பிட்டுத் தேய்த்தேன். மனிதருக்கு வயிற்றுநோய் தரும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவை ஆமைகள் நோயின்றியே சுமக்கக்கூடியவை.

மார்ச் 10

நீர்ச் சோதனை: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் லிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம். பாக்டீரியா பிழைத்திருக்கிறது, நைட்ரேட்டை இன்னும் குறைக்க வேண்டும்.

மார்ச் 13

விடியற்காலையில் சில புழுக்கள் மறுபடி நீர்மட்டம்வரை ஏறியிருந்தன. அடியில் ஆக்சிஜன் குறையும்போது இவை மேலே வரும் என்பதால், வடிகட்டியின் வெளியேறு குழாயைச் சற்று உயர்த்தி நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வைத்து, காற்றைச் சிறு குமிழ்களாக நீரில் விடும் காற்றுக்கல் ஒன்றும் சேர்த்தேன். மாலைக்குள் கண்ணாடி வெறுமையானது. தீனி கொடுக்கும் முறையும் மாறிவிட்டது: ஆமையின் தலையளவு உணவு, அதுவும் தனி வாளியில், தின்று முடித்துச் சற்று நேரம் கழித்தே தொட்டிக்குத் திரும்புகிறது.

மார்ச் 24

கண்ணாடியில் புழு இல்லை. பஞ்சைப் பிழிந்தால் மட்டும் சில வருகின்றன. நைட்ரேட் 20. ஆமையின் எடை சென்ற வாரத்தைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது.

ஏப்ரல் 6

இரண்டாவது எச்சச் சோதனையிலும் முட்டைகள் இல்லை. மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பஞ்சில் எஞ்சியிருக்கும் வளையப்புழுக்களை ஒழிக்க நான் முயலப்போவதில்லை. கழிவைத் தின்று வாழும் அவை இத்தனை குறைவாக இருப்பதே தொட்டி சுத்தமாக இருக்கிறது என்பதற்குச் சான்று. வாரந்தோறும் கால்பங்கு நீர் மாற்றுவதும் அடிவண்டலை உறிஞ்சுவதும் தொடரும்; தண்ணீரை 25 பாகை செல்சியஸில் வைத்திருக்கும் சூடேற்றியின் உறையில் பாசி படிந்திருப்பதால், அடுத்த முறை அதையும் கழற்றித் துடைக்க வேண்டும்.