விட்றலாமாங்ணா?

"எக்ஸ்பாட் இல்லைன்னு வார்னிங் காட்டுதுங்ணா. விட்றலாமாங்ணா?" என்று கூட வேலை பார்த்த தம்பி கேட்டான். "விடு, அது ஆப்ஷனல்தான்" என்றேன். இரண்டு வருடம் ஆகப்போகிறது. இந்த இரண்டு வரியும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஜிடிபி என்ற டிபக்கரை, அதாவது புரோகிராமில் பிழை தேடும் கருவியை, சோர்ஸ் கோடிலிருந்து பில்ட் செய்துகொண்டிருந்தோம். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் எங்கள் பில்ட் சர்வருக்கு இணைய இணைப்பு கிடையாது. அதில் ஏற்கெனவே இருந்த ஜிடிபி எங்கள் மோட்டார் டிரைவில் இருக்கும் ஆர்ம் சிப் போர்டுக்கு ஆகாது. எங்கள் ஸ்கிரிப்டுகளுக்கு பைத்தான் ஆதரவும் வேண்டும். அதனால் டார்கெட், பிரிஃபிக்ஸ், வித்-பைத்தான் என்று கமாண்டில் கொடுக்க வேண்டிய மூன்று ஆப்ஷன்களையும் ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்தேன். எழுதியது நான். என்ன கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் நான்.

பில்டுக்கு முன் தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது கான்ஃபிகர். முதல் தடவை ஓட்டியதுமே பைத்தான் இல்லை என்று அது பிழை காட்டி நின்றுவிட்டது. ஹெடர் கோப்புகள் இல்லை. தம்பி கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்து அந்த பேக்கேஜை பென்டிரைவில் இறக்கிக்கொண்டு மறுநாள் வந்தான். எக்ஸ்பாட்டுக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை? பைத்தானை நாங்கள் வாய் திறந்து கேட்டிருந்தோம். எக்ஸ்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் ஜிடிபியின் கான்ஃபிகர் அதுவாகவே தேடிப் பார்க்கும். கிடைத்தால் சேர்த்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் ஒரு வரி வார்னிங் போட்டுவிட்டு மேலே போய்விடும். வித்-எக்ஸ்பாட் என்று வெளிப்படையாகக் கொடுத்திருந்தால் பைத்தானுக்கு நின்றது போலவே நின்றிருக்கும். அந்த ஒரு சொல் என் தாளில் இல்லை.

எக்ஸ்பாட் என்பது, தகவல்களை எழுதி அனுப்பும் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தைப் படிக்க ஜேம்ஸ் கிளார்க் எழுதிய சின்ன லைப்ரரி. டிபக்கருக்கு எக்ஸ்எம்எல் எதற்கு என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். போர்டோடு இணையும்போது, 'என்னிடம் இன்னின்ன ரெஜிஸ்டர்கள் (கணக்கிடும் எண்களைச் சிப் வைத்துக்கொள்ளும் இடங்கள்) இருக்கின்றன' என்ற பட்டியலை எதிர்முனை எக்ஸ்எம்எல்லில்தான் அனுப்புகிறது. எக்ஸ்பாட் இல்லாத ஜிடிபிக்கு அதைப் படிக்கத் தெரியாது. தனக்குத் தெரிந்த பழைய ஆர்ம் பட்டியலை வைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். பொது ரெஜிஸ்டர்கள் எல்லாம் தெரியும், பிரேக்பாயின்ட் நிற்கும், ஒரு குறையும் இல்லாதது போலவே இருக்கும். தசம எண்களுக்கான ஃப்ளோட் ரெஜிஸ்டர்கள் மட்டும் இருக்காது.

அதை மறைத்தும் வைக்கவில்லை. போர்டோடு இணையும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி வந்தது: எக்ஸ்எம்எல் வசதி கம்பைல் செய்யும்போதே நிறுத்தப்பட்டிருக்கிறது, பட்டியலைப் படிக்க முடியவில்லை என்று. எட்டு மாதம் வந்தது. ஏழு பேர் கண்ணிலும் பட்டது.

பிறகுதான் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மோட்டார் எரிந்தது. மோட்டார் இறுகி நின்றுவிட்டது. கரன்ட் ஏறியும், மோட்டாரை இயக்கும் எங்கள் டிரைவ் அதை நிறுத்தவில்லை. லாகைப் பார்த்தால், கரன்ட் சென்சாரின் ஒயர் கழன்று, சென்சார் அளவை எண்ணாக மாற்றும் ஏடிசி அதன் உச்சமான 4095-லேயே நின்றிருந்தது. அளவு அசையாமல் நின்றால் கரன்ட் பூஜ்யம் என்றுதான் கணக்கு வரும். மோட்டாரை இயக்கும்போது கரன்ட் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போனால் டிரைவ் டிரிப் ஆகி நின்றிருக்க வேண்டுமே? ஏன் ஆகவில்லை?

அந்த மதிப்பைக் கணக்கிடும் இடத்தில் கம்பைலர் அதை மெமரிக்கே கொண்டுவரவில்லை. எஸ்0 என்ற ஃப்ளோட் ரெஜிஸ்டரிலேயே கணக்கிட்டு, அங்கேயே வரம்போடு ஒப்பிட்டு முடித்துவிட்டது. எஸ்0-வைக் காட்டு என்றால் அப்படி ஒரு ரெஜிஸ்டரே இல்லை என்றது ஜிடிபி. நான் அதை நம்பினேன். ஃப்ளோட் ரெஜிஸ்டர்களையே தொடாத சாஃப்ட் ஃப்ளோட் முறையில் கம்பைல் ஆகிவிட்டதோ என்று ஒரு நாள் முழுக்க மேக்ஃபைல்களைத் துழாவினோம். சிப் ஓட்டும் கட்டளைகளை வரி வரியாகக் காட்டும் டிஸ்அசெம்ப்ளியில் ஃப்ளோட் கட்டளைகள் கண்ணெதிரே இருந்தன. அதற்குப் பிறகாவது டிபக்கரைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். போர்டையும் டிபக்கரையும் இணைக்கும் ப்ரோப் பழுது என்றேன். கோயம்புத்தூரிலிருந்து புது ப்ரோப் வர இரண்டு நாள். நான்காம் நாள் இன்னொரு ஆலையில் இன்னொரு மோட்டார் எரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது அறுவடைக்காலம். ஆலை பதினோரு நாள் நின்றது.

அன்று இரவு தம்பிதான் ஜிடிபியில் ஷோ கான்ஃபிகரேஷன் என்று அடித்துப் பார்த்தான். பில்ட் செய்தபோது எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று முழுப் பட்டியலும் வரும். அதில் வித்அவுட்-எக்ஸ்பாட் என்று இருந்தது. "போர்டுல இருக்குதுங்ணா, டிபக்கருக்குத்தான் தெரியல" என்றான். எக்ஸ்பாட் சேர்த்து மறுபடி பில்ட் செய்ததும் எஸ்0 தெரிந்தது. உள்ளே என்ஏஎன். எண்ணே இல்லை என்று பொருள். வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்திருந்தோம். எல்லா அளவும் ஒரே 4095 ஆனதும் விடை பூஜ்யமாக வந்திருக்க வேண்டும். ஃப்ளோட்டின் ரவுண்டிங்கால் பூஜ்யத்துக்கு ஒரு துளி கீழே போய்விட்டது. மைனஸுக்கு வர்க்கமூலம் கிடையாதே. என்ஏஎன்னை எதோடு ஒப்பிட்டு 'இதைவிடச் சிறிதா' என்று கேட்டாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். டிரிப் ஆகாததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அந்த ஃபார்முலாவை எழுதியது நானோ தம்பியோ இல்லை. முதல் மோட்டாருக்கும் எக்ஸ்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. இதை நான் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன், சொன்னது உண்மையும்கூட. ஆனால் இரண்டாவது மோட்டார்? எஸ்0 முதல் நாளே தெரிந்திருந்தால் அன்று மாலைக்குள் எல்லா ஆலைக்கும் போன் போயிருக்கும் என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் முதல் நாளே எஸ்0-வைத்தான் பார்த்திருப்போமா என்றும் நினைக்கிறேன். எந்த நினைப்பு வருவது என்பது நான் எவ்வளவு களைப்பாக இருக்கிறேன் என்பதைப் பொறுத்தது.

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் மலையாளத்தில் கேட்டார்: "ஆரா இது பில்ட் செய்தது?" யார் இதை பில்ட் செய்தது என்று. நான் தம்பியின் பெயரைச் சொன்னேன். கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான பதில். தம்பி என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. கமாண்ட் எழுதிய தாள் என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தில் மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் டீக்கடையில் தம்பி மெதுவாகச் சொன்னான். "நான் அன்னைக்கே உங்களக் கேட்டனேங்ணா." நான், "கேட்டியா?" என்றேன்.

அந்த 'கேட்டியா'வில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையிலேயே நினைவில்லாமல் கேட்டேனா, நினைவு வந்த பிறகு கேட்டேனா? அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு, "இல்லீங்ணா, சும்மா சொன்னேன்" என்றான். மூன்று மாதத்தில் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வேறு காரணமாகவும் இருக்கலாம், அங்கே சம்பளம் அதிகம்.

அவன் கேட்டபோது நான் வேலந்தாவளம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன், திரையைப் பார்க்கக்கூட இல்லை. வீட்டிலும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். போன மாதம் அந்தப் பழைய சர்வரைக் கழித்துக் கட்டினார்கள். அதற்கு முந்தின நாள் உட்கார்ந்து கான்ஃபிக் லாகைத் தேடி எடுத்தேன். எக்ஸ்பாட் இல்லை என்ற வரி அதில் அப்படியே இருந்தது. கோப்பின் நேரத்தைப் பார்த்தேன். காலை 11:48. அந்த நேரத்துக்கு எனக்குப் பஸ் கிடையாது.

இரவு படுத்த பிறகுதான், அந்த சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடியிருக்கலாமே என்று தோன்றியது. அப்படியென்றால் நம் கணக்கில் மாலை 5:18, பஸ் 5:30-க்கு. காலையில் முதல் வேலையாக சர்வர் ரூமுக்குப் போனேன். ரேக் காலியாக இருந்தது. தம்பிக்கு போன் செய்தால் அவனுக்கு நினைவிருக்கும். நம்பர் என்னிடம் இருக்கிறது.