கண்டக்டர் அண்ணாச்சியின் பாக்கி நோட்டு

புத்தகம் எழுத நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களோடு என்னிடம் வருவார்கள். வாங்கிப் படிப்பேன். ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்த மாட்டேன். பாளையங்கோட்டை அச்சகங்களில் பல வருடம் புரூஃப் பார்த்தவள் என்பதால் பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். பாதியில் நிற்கும் பிரதியில் நான் கை வைத்தால், அடுத்த அத்தியாயத்தை அவர் எனக்குப் பிடித்த மாதிரி எழுதத் தொடங்கிவிடுவார். அப்புறம் அது அவர் புத்தகமாக இருக்காது. முதல் பிரதி முடியும்வரை கேள்வி கேட்பதுதான் என் வேலை.

இப்போது மூன்று பேரோடு வேலை செய்கிறேன். நர்ஸாக இருக்கும் பெண் ஒருத்தி கவிதைகளைத் தொகுக்கிறாள். அவளுக்கு எதை நீக்குவது என்பதில் மட்டும்தான் துணை தேவை. கல்லூரி மாணவன் ஒருவன் துப்பறியும் நாவல் எழுதுகிறான், கொலையாளி யார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மூன்றாமவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இந்தப் பதிவு அவரைப் பற்றியது.

அண்ணாச்சி திருநெல்வேலி மாவட்டத்து மலைமேல் இருக்கும் மாஞ்சோலை தேயிலை எஸ்டேட் ரூட்டில் ஓடியவர். மணிமுத்தாறு செக்போஸ்டைத் தாண்டினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. மேலே தேயிலை பறித்தவர்களுக்கு அந்த பஸ் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் போனில் பேசும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவர் கொண்டுவந்த பிரதியிலோ, கதிரவன் பொற்கரங்களை நீட்டி மலையன்னையைத் தழுவிக்கொண்டிருந்தான். மூன்று பக்கத்துக்கு பஸ்ஸே வரவில்லை. புத்தகம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடக் கட்டுரை சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதில் அவர் தவறு ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, காலையில வண்டி மேல ஏறும்போது உங்க சீட்டுக்கிட்ட என்னென்ன கெடக்கும்?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் எழுதலாமா தங்கச்சி?" என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். சுகர் மாத்திரை, ரிப்பேர் பார்த்த மிக்ஸி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, பிச்சிப்பூப் பொட்டலம், ஒரு பிள்ளையின் காலேஜ் விண்ணப்பம். மேலேயிருந்து சீட்டெழுதிக் கொடுப்பார்கள், இவர் கீழே வாங்கி மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பார். காசு? சம்பள நாளில் வரும். அதுவரை ஒரு நோட்டில் எழுதிவைப்பாராம்.

அந்த நோட்டு இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு பொருள், ஒரு தொகை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் அதில் உள்ள ஒரு வரியிலிருந்து தொடங்கிப் பாருங்கள் என்றேன். அதற்கப்புறம் கதிரவன் வரவேயில்லை.

வரலாற்றை எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 8,373 ஏக்கரை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது, அது 2028-ல் முடிய வேண்டியது, அதற்கு முன்பே 2024-ல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது, எல்லாவற்றையும் அவர் முன்னுரையில் வரிசையாக அடுக்கியிருந்தார். தகவல்கள் சரி. ஆனால் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் குத்தகையைப் பற்றிப் பேசாமலா இருந்திருப்பார்கள்? யார், எந்த வளைவில், என்ன குரலில் பேசினார்கள் என்று கேட்டேன். இப்போது அந்த 2028 ஒரு பாட்டியின் வாயிலிருந்து வருகிறது. அதுவரை நான் இருக்கப்போறதில்ல, பேத்திக்குத்தான் கவலை என்கிறார் அந்தப் பாட்டி. திருநெல்வேலிப் பேச்சும் மலையாளமும் கலந்த அந்த எஸ்டேட் பேச்சையும் அவர் பாடப்புத்தகத் தமிழாக மாற்றி வைத்திருந்தார். காதில் கேட்டபடியே திரும்ப எழுதச் சொன்னேன். சந்தோஷமாகச் செய்தார்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பிரதியில் 1998 இருந்தது, 2000 இருந்தது. இடையில் ஒன்றுமில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்து, 17 பேர் தாமிரபரணி ஆற்றில் இறந்தார்கள். திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் டிக்கெட் கொடுத்த ஜனங்களின் போராட்டம் அது.

"அந்த வருசம் ஏன் இல்ல அண்ணாச்சி?" என்று ஒரு முறைதான் கேட்டேன். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். ரொம்ப நாள் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்த எந்த வழிகாட்டிக்கும் உரிமை கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். இடைவெளி இருக்கிறது என்று காட்டலாம். அதை நிரப்புவதா வேண்டாமா என்பது அதைச் சுமக்கிறவர் முடிவு.

பிறகு தபாலில் நாலு பக்கம் வந்தது. அந்த ஜூலை 23-க்கு அடுத்த நாட்களில் பஸ்ஸில் யார் யார் எந்த சீட்டில் உட்கார்ந்தார்கள், யாரும் ஏன் பேசவில்லை என்று மட்டும் எழுதியிருந்தார். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஒரு காற்புள்ளிகூட மாற்றாமல் அப்படியே வைக்கச் சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சியின் பேத்தி டைப் செய்கிறாள். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் தாத்தா என்று அவசரப்படுத்துகிறாளாம். இப்போதெல்லாம் ஐம்பது, நூறு பிரதிகூட அடித்துக்கொள்ளலாம், பணம் கொடுத்தால் சில வாரங்களிலேயே புத்தகம் கைக்கு வந்துவிடும். அந்த வசதி நல்லதுதான். ஆனால் அதற்காக எழுதியதை இரண்டாம் முறை திருத்தி எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். எத்தனையோ நல்ல முதல் புத்தகங்கள் ஒரே ஒரு வாசிப்பு குறைந்ததால் பாதி வெந்ததாக வந்திருக்கின்றன. பார்க்கவே வலிக்கிறது.

அதனால் ஜனவரி வேண்டாம் என்று பேத்தியிடம் நானே பேசினேன். மலையிலிருந்து இறங்கி வந்த இரண்டு குடும்பங்கள் முதலில் படிக்கட்டும். பாக்கி நோட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது, அச்சில் வரலாமா என்று கேட்க வேண்டும். அதில் ஒரு பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் எழுத்தைப் பெரிதாக்கி பிரிண்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியே கொண்டுபோய்க் கொடுக்கிறார்.